38 மாவட்டத்துக்கும் பக்கம் இருக்கிறது, ஆள்தான் வரவில்லை

கேள்வி: நானும் என்னோடு படித்த தோழியும் சேர்ந்து ஆன்லைன் கவுன்சிலிங் தளம் நடத்துகிறோம். இருவரும் கிளினிக்கல் சைக்காலஜியில் எம்.ஃபில். முடித்து ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு பெற்றவர்கள். எம்.எஸ்சி. படித்த கவுன்சிலர்கள் இருவர் உடன் இருக்கிறார்கள். தளம் தொடங்கிப் பத்து மாதம் ஆகிறது. கூகுள் தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் எஸ்.இ.ஓ. வேலை செய்யும் ஏஜென்சி ஒன்று 60 கட்டுரைகள், தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களுக்கும் தலா ஒரு பக்கம், மாதம் 200 பேக்லிங்க் (வேறு தளங்களிலிருந்து எங்கள் தளத்துக்கு வரும் லிங்க்) என்று செய்து கொடுத்தது. ஆனாலும் தளத்தின் பெயரைத் தட்டினால்தான் கூகுளில் வருகிறோம். கூகுள் மேப்பில் போட்ட பதிவையும் முடக்கிவிட்டார்கள். எங்கே தவறுகிறோம்?
– மதுரை வாசகி

பதில்: தளத்தையும் நீங்கள் அனுப்பியிருந்த சர்ச் கன்சோல் (தளம் தேடலில் எப்படி நிற்கிறது என்று கூகுளே காட்டும் கருவி) படங்களையும் பார்த்துவிட்டு எழுதுகிறோம். உங்களிடம் பக்கங்களுக்குப் பஞ்சமில்லை. நூறைத் தொடுகிறது. அதில் ஒன்றில்கூட உங்கள் பெயர் இல்லை. ‘எங்கள் குழு’ என்ற பக்கத்தைத் திறந்தால் ‘அனுபவம் வாய்ந்த நிபுணர்கள்’ என்று ஒரு வரி, அதன் கீழே எங்கிருந்தோ எடுத்த வெள்ளைக்காரப் பெண்ணின் சிரித்த முகம். முறையாகப் படித்து, பதிவு எண்ணும் கையில் வைத்திருக்கும் இருவர் அதை இப்படி ஒளித்து வைக்கலாமா? கூகுள் உங்களைக் காட்டாததற்கும், வந்து பார்ப்பவர் முன்பதிவு செய்யாமல் போவதற்கும் முதல் காரணம் இதுதான்.

உடல்நலம், மனநலம், பணம் சம்பந்தப்பட்ட பக்கங்களைக் கூகுள் தனிக் கண்டிப்போடு பார்க்கிறது. முடிவுகளின் தரத்தை மதிப்பிட அது அமர்த்தியிருப்பவர்களுக்கான கையேட்டில், எழுதியவரின் அனுபவம், நிபுணத்துவம், துறையில் அவருக்குள்ள மதிப்பு, நம்பகம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லியிருக்கிறது. ‘அனுபவம்’ 2022 டிசம்பரில் சேர்ந்தது. எல்லாவற்றிலும் முக்கியம் நம்பகமே என்பதும் அதிலேயே இருக்கிறது. மதிப்பீட்டாளர் போடும் மார்க் உங்கள் தளத்தை நேரடியாக ஏற்றாது, இறக்காது. ஆனால் கூகுள் தன் கணிப்புமுறையை எந்தத் திசையில் திருத்துகிறது என்பது அந்தக் கையேட்டில் தெரியும். 2018 ஆகஸ்டில் செய்த ஒரு திருத்தத்தில் உடல்நலத் தளங்கள் பல சரிந்ததால், துறையில் அதற்கு ‘மெடிக்’ என்றே பெயர் விழுந்தது.

ஆகவே முதல் வேலை, நால்வருக்கும் ஆளுக்கொரு பக்கம். முழுப் பெயர், உண்மையான படம், பட்டம், படித்த கல்லூரி, உங்கள் இருவருக்கும் ஆர்.சி.ஐ. பதிவு எண், பேசும் மொழிகள், பார்க்கும் பிரச்சினைகள். பார்க்காதவற்றையும் எழுதுங்கள்: ‘மருந்து எழுதித் தருவதில்லை, மனச்சிதைவு, பைபோலார் என்றால் மனநல மருத்துவரிடம் அனுப்பிவைப்போம்’ என்ற ஒரு வரி பத்துப் புகழுரைக்குச் சமம். ஆர்.சி.ஐ. பதிவேட்டை யார் வேண்டுமானாலும் அதன் தளத்தில் தேடிச் சரிபார்க்கலாம் என்பதால் எண்ணைப் போடுவதற்குப் பலன் உண்டு. எம்.எஸ்சி. படித்த இருவரையும் ஏஜென்சி ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ என்று போட்டிருக்கிறது. இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அது எஸ்.இ.ஓ. விஷயம் அல்ல, சட்ட விஷயம். கட்டுரை ஒவ்வொன்றின் தலையிலும் எழுதியவர் பெயர், சரிபார்த்தவர் பெயர், சரிபார்த்த தேதி வரட்டும். பெயரைத் தொட்டால் அவருடைய பக்கம் திறக்கட்டும்.

கட்டணத்தையும் அப்படியே. ‘விவரங்களுக்குத் தொடர்புகொள்ளவும்’ என்பது திருமண மண்டபத்துக்குச் சரி. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, ராத்திரி பதினொரு மணிக்குப் போர்வைக்குள் ஃபோனைப் பார்ப்பவர் உங்களை அழைத்து விலை கேட்க மாட்டார். ஒரு அமர்வு எத்தனை நிமிடம், எவ்வளவு, வீடியோவா குரல் மட்டுமா, நெட் பாதியில் அறுந்தால் என்ன, கடைசி நேரத்தில் மாற்றினால் பணம் போகுமா, வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் பேச முடியுமா: இவ்வளவுக்கும் ஒரே பக்கத்தில் பதில் வையுங்கள். ‘கவுன்சிலிங் கட்டணம் எவ்வளவு’ என்று தேடுபவர் ஏறக்குறைய முடிவெடுத்துவிட்டவர்.

மாவட்டப் பக்கங்களுக்கு வருவோம். 38 பக்கத்திலும் ஒரே வாசகம். ஊர்ப் பெயர் மட்டும் மாறுகிறது. இதைக் கூகுளின் ஸ்பேம் விதிகள் ‘வாசல் பக்கம்’ என்று பெயர் சொல்லியே தடுக்கின்றன. உங்கள் சர்ச் கன்சோலில் இவற்றில் பெரும்பாலானவை ‘வந்து பார்த்தோம், பட்டியலில் சேர்க்கவில்லை’ என்ற பிரிவில் கிடக்கின்றன. நீக்குங்கள். நீக்கும்போது எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது வழக்கம், அது வீண். சம்பந்தமில்லாத பக்கத்துக்குத் திருப்பினால் கூகுள் அதை இல்லாத பக்கமாகவே கணக்கெடுக்கிறது. ‘இந்தப் பக்கம் நீக்கப்பட்டுவிட்டது’ என்று சொல்லும் 410 என்ற பதிலைக் கொடுக்கும்படி வைத்தால் போதும்.

மேப் பதிவு முடங்கியதில் ஆச்சரியமில்லை. சொன்ன நேரத்தில் வாடிக்கையாளரை நேரில் சந்திக்கும் தொழிலுக்கு மட்டுமே கூகுள் பிசினஸ் புரொஃபைல். முழுக்க ஆன்லைனில் நடப்பதற்கு அங்கே இடமில்லை. வாடகைக்கு எடுத்த ‘விர்ச்சுவல் ஆபீஸ்’ முகவரியும் செல்லாது. மதுரையில் உண்மையிலேயே ஒரு அறை வைத்து, வாரத்தில் சில நாள் நேரில் பார்க்கிறீர்கள் என்றால் போர்டு தெரியும் படம், வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில் ஆகியவற்றோடு மேல்முறையீடு செய்யுங்கள். அறை இல்லை என்றால் புதுக் கணக்கு தொடங்கி மறுபடி போடப் பார்க்காதீர்கள். மேப் இல்லாமலே காலம் தள்ளலாம்.

அடுத்து, 60 கட்டுரைகள். ‘இன்றைய அவசர உலகில்’ என்று தொடங்கும் கட்டுரைகளை எண்ணத் தொடங்கி இருபதோடு நிறுத்திக்கொண்டோம். ‘மன அழுத்தம் என்றால் என்ன’, ‘பதற்றம் என்றால் என்ன’ போன்ற விளக்கக் கேள்விகளுக்கு விக்கிப்பீடியா, பெரிய ஆஸ்பத்திரிகள், செய்தித்தாள்கள் எல்லாம் முன்னால் நிற்கின்றன. போதாததற்கு, 2024 முதல் கூகுளே ஏ.ஐ. சுருக்கம் ஒன்றை மேலே வைக்கத் தொடங்கிவிட்டது. அதைப் படித்தவர் கீழே இறங்குவது குறைவு. அந்த இடத்துக்கு நீங்கள் போட்டி போட வேண்டியதில்லை. தவிர, 2024 மார்ச் முதல், தேடலில் ஏறுவதற்காகவே மொத்தமாக உற்பத்தி செய்யும் பக்கங்களைத் தனி விதியாகவே கூகுள் தடுக்கிறது. மனிதர் எழுதினாரா மெஷின் எழுதியதா என்பது அதற்குப் பொருட்டல்ல. அறுபதைப் பத்துப் பன்னிரண்டாகச் சேர்த்துச் சுருக்குங்கள். இங்கே மட்டும் பழைய பக்கத்தின் இணைய முகவரியைப் புதுப் பக்கத்துக்கு 301 (நிரந்தரத் திருப்பம்) கொடுத்துத் திருப்ப வேண்டும். விஷயம் ஒன்றுதான் என்பதால் அது செல்லும்.

எந்தப் பன்னிரண்டு? சர்ச் கன்சோல் 16 மாதத் தேடல் சொற்கள் வரை வைத்திருக்கும். உங்களுக்குப் பத்து மாதமும் முழுதாகக் கிடைக்கும். அதைவிட நல்ல சுரங்கம் உங்கள் முதல் அமர்வுக் குறிப்புகள். வருபவர் யாரும் ‘எனக்குப் பதற்றக் கோளாறு’ என்று வருவதில்லை. ‘நெஞ்சு படபடக்கிறது, ஈசிஜி நார்மல்னு சொல்லிட்டாங்க’ என்பார். ‘பையன் ரூமை விட்டு வெளியே வர்றதில்லை’, ‘குழந்தை பிறந்ததிலிருந்து காரணமில்லாமல் அழுகை’, ‘தூக்கத்தில் திடுக்கிட்டு எழுகிறேன்’. தேடுவதும் அப்படியேதான். தமிழ் எழுத்தில் தட்டுபவர், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுபவர், ஆங்கிலத்திலேயே தேடுபவர் என மூன்று வகை உண்டு. இரண்டாம் வகைக்கென்று தனிப் பக்கம் போட வேண்டாம், படிக்கவும் அசிங்கமாக இருக்கும். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று போதும். சொல்லும் மக்கள் சொல்லாகவே இருக்கட்டும். தமிழ்நாட்டில் ‘கவுன்சிலிங்’, இலங்கை வாசகருக்கும் எழுதுகிறீர்கள் என்றால் ‘உளவளத்துணை’யையும் ஓரிடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கத்தை எப்படிக் கட்டுவது என்பதற்கு ஓர் உதாரணம். குடிக்கும் கணவருக்காக மனைவிமார் தேடுவதில் ஒன்று, ‘அவருக்குத் தெரியாமல் கொடுக்கும் மருந்து’. அந்தத் தேடலில் பொடி விற்பவர்களும் பரிகாரம் சொல்பவர்களும் கடை விரித்திருக்கிறார்கள். நேர்மையான பதில் தரும் பக்கம் குறைவு என்பதால் புதிய தளத்துக்கும் அங்கே இடம் கிடைக்கும். முதல் மூன்று வரியிலேயே பதிலைச் சொல்லுங்கள்: தெரியாமல் கொடுக்கக் கூடாது. ஏன்? குடியை நிறுத்தத் தரும் டைசல்ஃபிராம் உடம்பில் இருக்கும்போது சாராயம் உள்ளே போனால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கி, உயிருக்கே ஆபத்தாகலாம். மருந்து சாப்பிடுவது அவருக்குத் தெரிந்திருந்தால்தான் குடியைத் தொடாமல் இருப்பார். வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம், நினைவு தடுமாறலாம்; ஆகவே நிறுத்துவதும் மருத்துவர் பார்வையில்தான். அதற்குப் பிறகு, அவர் வர மறுத்தால் மனைவி மட்டும் பேசலாமா, அந்த அமர்வில் என்ன நடக்கும், யார் பேசுவார்கள், கட்டணம், முன்பதிவுப் பொத்தான். மருந்து பற்றிய பகுதியை ஒரு மனநல மருத்துவர் சரிபார்த்து, அவர் பெயரும் வர வேண்டும். நீளம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். கூகுளுக்கு வார்த்தைக் கணக்கு கிடையாது. கேள்வி தீர்ந்ததும் நிறுத்துங்கள்.

படபடப்புப் பக்கத்தில் இதே போல, தைராய்டு, ரத்தசோகை, இதயம் ஆகியவற்றை முதலில் பார்த்துவிட்டீர்களா என்று கேளுங்கள். எத்தனை அமர்வு ஆகும் என்பதையும் மறைக்க வேண்டாம். திடீர் பயம் தாக்கும் பேனிக் கோளாறுக்கு சி.பி.டி. என்ற பேச்சுச் சிகிச்சை தர, பிரிட்டனின் சிகிச்சை வழிகாட்டி அமைப்பான நைஸ் மொத்தம் 7 முதல் 14 மணி நேரம் என்கிறது. ‘ஒரே அமர்வில் தீர்வு’ என்று உங்கள் முகப்பில் இருக்கும் வாசகம் அதன் பக்கத்தில் நிற்காது, எடுத்துவிடுங்கள்.

தொழில்நுட்பத்தில் உங்கள் தளத்துக்கே உரிய சில கோளாறுகள் உண்டு. பழைய கட்டுரைகள் எட்டு, பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பிலிருந்து அப்படியே ஒட்டப்பட்டவை. எழுத்துரு இருப்பதால் திரையில் தமிழாகத் தெரிகிறது. கூகுள் பார்ப்பதோ ஆங்கில எழுத்துக் குவியல். சோதிக்க, ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸாப்பில் ஒட்டிப் பாருங்கள். கன்வெர்ட்டரில் போட்டு, எல்லாக் கணினியும் தமிழாகவே படிக்கும் யூனிகோடாக மாற்றுங்கள், மாற்றிய பிறகு கண்ணால் ஒரு முறை படியுங்கள். ‘மௌனம்’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பும் ‘ள’வும் வந்து நிற்கும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கணினிக்கு அது வேறு சொல். பண்டிகை வாழ்த்துப் போல அலங்கரித்த போஸ்டர்களில் எழுதியிருக்கும் சேவை விவரங்களையும் எழுத்தாகப் பக்கத்தில் கொண்டுவாருங்கள்.

மொழி மாற்றும் பொத்தான் இன்னொரு தொல்லை. அழுத்தினால் அதே முகவரியிலேயே தமிழ் ஆங்கிலமாகிறது. கூகுள் பொத்தானை அழுத்தாது. அதற்குத் தெரிவது ஒரே மொழி. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனி முகவரி வேண்டும், இரண்டும் ஒன்றையொன்று ‘எச்ரெஃப்லாங்’ (இதன் மற்ற மொழிப் பக்கம் எது என்று கூகுளுக்குச் சொல்லும்) குறியால் சுட்ட வேண்டும். ஒருபக்கம் மட்டும் சுட்டினால் அந்தக் குறி செல்லாது. முகவரியைத் தமிழ் எழுத்தில் வைப்பதில் தேடலுக்குப் பாதிப்பில்லை. ஆனால் பகிரும்போது ஒவ்வொரு எழுத்துக் குறியும் ஒன்பது குறிகளாக விரிந்து, மோசடி லிங்க் போல நீளும். மனநலத் தளத்தின் லிங்க்கைத் தங்கைக்கு அனுப்புபவருக்கு அது உறுத்தும். புதிய பக்கங்களுக்கு ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு சொற்களாக வையுங்கள்.

வேகம்: பக்கத்தின் பெரிய பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லிநொடிக்குள் அசைய வேண்டும், படிக்கும்போது எழுத்துகள் இடம் மாறுவதற்குக் கூகுள் போடும் மதிப்பெண் 0.1ஐத் தாண்டக் கூடாது. வருகைகளில் நூற்றுக்கு 75 இப்படி இருந்தால் தேர்ச்சி. உங்கள் முகப்பில் ஓடும் கடலலை வீடியோவும், ஐந்து தமிழ் எழுத்துருக் கோப்புகளும், தாமதமாகக் குதித்து வரும் சாட் பெட்டியும் மூன்றையும் கெடுக்கின்றன. எழுத்துரு ஒன்று, அதில் சாதாரணம், தடித்தது என இரண்டு கனம், சுருக்கிய வோஃப்2 கோப்பு வடிவம் போதும். இதனால் மட்டும் ரேங்க் தாவிவிடாது; பழைய ஃபோன் வைத்திருப்பவர் காத்திருக்காமல் போய்விடுவதைத் தடுக்கும்.

இனி, ஏஜென்சிகள் வழக்கமாகச் செய்வதும் நீங்கள் செய்யக் கூடாததும். உங்கள் தளத்தில் மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ.-9 சுயபரிசோதனை இருக்கிறது; நல்ல யோசனை, அதிகம் பேர் வருவதும் அங்கேதான். ஆனால் விடையளித்து முடித்ததும் மதிப்பெண் முகவரியிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது. அதே பக்கத்தில், வருபவரைக் கண்காணிக்கும் மெட்டா பிக்ஸலும் (ஃபேஸ்புக்கின் கருவி) கூகுள் அனலிட்டிக்ஸும் ஓடுகின்றன. அதாவது ஒருவரின் மனச்சோர்வு மதிப்பெண் அவருக்குத் தெரியாமல் இரண்டு விளம்பரக் கம்பெனிகளுக்குப் போகிறது. அமெரிக்காவில் ஆன்லைன் கவுன்சிலிங் நடத்தும் பெட்டர்ஹெல்ப் நிறுவனம் வாடிக்கையாளர் தகவலை ஃபேஸ்புக், ஸ்னாப்சாட், கிரிட்டியோ, பின்ட்ரெஸ்ட் ஆகியவற்றுக்குக் கொடுத்ததாக 2023இல் அந்நாட்டு வர்த்தகக் கண்காணிப்பு அமைப்பான எஃப்.டி.சி. நடவடிக்கை எடுத்து, 78 லட்சம் டாலர் கட்டவைத்தது. இங்கே மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 23ஆம் பிரிவு ரகசியத்தை நோயாளியின் உரிமையாகவே வைத்திருக்கிறது; 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுச் சட்டமும் இருக்கிறது. பரிசோதனை, முன்பதிவு, பணம் கட்டும் பக்கம் எதிலும் பிக்ஸல் இருக்கக் கூடாது. முடிவு அதே பக்கத்திலேயே தெரியட்டும், முகவரியில் எதுவும் ஏறக் கூடாது.

அந்தப் பரிசோதனையில் இன்னொன்று, இதுதான் அவசரம். ஒன்பது கேள்வி, மொத்தம் 27. கூட்டுத்தொகை 4க்குள் இருந்தால் உங்கள் தளம் ‘கவலை வேண்டாம்’ என்கிறது. ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதில் மட்டும் ‘பல நாட்கள்’ என்று குறித்து மற்றதில் பூஜ்யம் போட்டாலும் கூட்டுத்தொகை 1தான். மொத்தம் எதுவானாலும், அந்தக் கேள்விக்கு ‘இல்லவே இல்லை’ தவிர எந்த விடை வந்தாலும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 உடனே பெரிதாகத் தெரிய வேண்டும். 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம், காசு கிடையாது. எல்லாப் பக்கத்தின் அடியிலும் அந்த எண் இருக்கட்டும். தற்கொலை தொடர்பான சொற்களைப் பிடித்து முன்பதிவுக்கு ஆள் திரட்டும் வேலை மட்டும் வேண்டாம்.

வாடிக்கையாளரிடம் ரிவியூ கேட்கச் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்காதீர்கள். உங்களிடம் மனம் திறந்தவர் மறுக்க முடியாத நிலையில் இருப்பார். தானாக எழுதினாலும், ‘வந்ததற்கு நன்றி’ என்று பதில் போட்டால் அவர் உங்களிடம் வந்ததை நீங்களே ஊருக்குச் சொன்னதாகும். சொந்தத் தளத்தில் போட்டுக்கொள்ளும் நட்சத்திரங்களை 2019 செப்டம்பரிலிருந்து கூகுள் தேடலில் காட்டுவதில்லை. அந்த வகையிலும் இழப்பில்லை.

பேக்லிங்க்கை இந்த மாதமே நிறுத்துங்கள். நீங்கள் காட்டிய பட்டியலில் சூதாட்டத் தளம்கூட இருக்கிறது. இப்படிப்பட்டவற்றைக் கூகுள் பெரும்பாலும் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும்; தண்டனை விழுந்திருக்கிறதா என்பதை சர்ச் கன்சோலில் ‘மேனுவல் ஆக்‌ஷன்ஸ்’ பகுதியில் பாருங்கள். உங்களுக்கு அது காலி, ஆகவே ‘இந்த லிங்க்குகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம்’ என்று கூகுளுக்கு நிராகரிப்புக் கோப்பு அனுப்பும் வேலை தேவையில்லை. மாற்றாக, நீங்கள் பேசப் போகும் கல்லூரியின் துறைப் பக்கம், பயிலரங்கு நடத்தும் நிறுவனம், நீங்கள் உறுப்பினராக உள்ள சங்கத்தின் பட்டியல், பிராக்டோ போன்ற மருத்துவர் பட்டியல் தளங்கள் – இவற்றில் உங்கள் பெயரோடு தளத்தின் லிங்க் வரும்படி கேளுங்கள். வருடத்துக்குப் பத்து கிடைத்தாலே நிறைவு.

எவ்வளவு காலம்? ‘30 நாளில் முதல் பக்கம்’ என்பவரை நம்பாதீர்கள். நான்கு மாதம் முதல் ஓராண்டு ஆகும் என்று கூகுள் தரப்பிலேயே 2017இல் சொல்லியிருக்கிறார்கள். பெயர்ப் பக்கம், கட்டணம், பரிசோதனைத் திருத்தம் இந்த வாரம். நீக்கமும் யூனிகோடும் இந்த மாதம். பிறகு மாதம் இரண்டு பக்கம் வீதம் எழுதலாம். மாதம் ஒருமுறை சர்ச் கன்சோலில் உங்கள் தளத்தின் பெயர் உள்ள தேடல்களை விலக்கிவிட்டு மீதியைப் பாருங்கள். சராசரி இடம் 8 முதல் 20க்குள் நிற்கும் பக்கங்களே முதலில் கை வைக்க வேண்டியவை. தலைப்பில் விஷயம் முன்னால், தளத்தின் பெயர் கடைசியில். தமிழ் எழுத்து அகலம் என்பதால் பின்பாதி வெட்டுப்படும்.

ஏஜென்சியிடம் நிறுத்துவதாகச் சொல்வதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, ஹோஸ்டிங் பாஸ்வேர்டு யாரிடம், சர்ச் கன்சோலில் ‘ஓனர்’ யார் என்று பாருங்கள். படத்தில் உங்களுக்கு இருப்பது பார்வையாளர் உரிமை மட்டுமே. டொமைனின் டி.என்.எஸ். அமைப்பு வழியாக நீங்களே ஓனராக உறுதிசெய்து, தளத்தின் முழு பேக்கப்பையும் இறக்கி வைத்த பிறகு அந்த ஃபோனைப் போடுங்கள்.